தெர்மோஸ்டாட்டைக் கழற்றும் முன்: வணிகக் கட்டட ஏசிகளில் கோளாறு எங்கே என்று கண்டறியும் முறை

சென்னையில் ஒரு வங்கிக் கிளையில், பிற்பகல் மூன்று மணி ஆனால் தெர்மோஸ்டாட்டின் திரை அணைந்துவிடும், அதோடு ஏசியும் நின்றுவிடும். மறுநாள் காலையில் கிளையைத் திறக்கும்போது எல்லாம் ஒழுங்காக ஓடும். நான் போவதற்கு முன்பே அங்கே இரண்டு தெர்மோஸ்டாட்டுகளை மாற்றியிருந்தார்கள். மூன்றாவதைப் பொருத்தத்தான் என்னை அழைத்தார்கள். ஃபால்ஸ் சீலிங்கைத் திறந்து, இண்டோர் யூனிட்டின் அடியில் இருந்த வடிநீர்த் தட்டில் விரலை வைத்தேன். தண்ணீர் விளிம்பு வரை நின்றது. வடிகால் குழாயின் வளைவில் பாசி அடைத்திருந்தது. தட்டு நிறைந்தால் மேலெழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் ஃப்ளோட் சுவிட்ச், தெர்மோஸ்டாட்டுக்குப் போகும் 24 வோல்ட் வயரில் தொடராக இணைக்கப்பட்டிருந்தது. காலையிலிருந்து சொட்டும் தண்ணீர் மூன்று மணிவாக்கில் தட்டை நிரப்பும், சுவிட்ச் துண்டிக்கும், திரை அணையும். இரவெல்லாம் அந்த அடைப்பின் வழியாகவே நீர் கசிந்து வடிந்து, விடிவதற்குள் திரைக்கு மீண்டும் உயிர் வரும். கழற்றி வீசப்பட்ட இரண்டு தெர்மோஸ்டாட்டுகளிலும் எந்தக் குறையும் இருந்திருக்காது.

கட்டடப் பராமரிப்பில் இருப்பவர்களும், எலக்ட்ரீஷியன்களும், ஏசி டெக்னீஷியன்களும் இதே தவற்றைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள் என்பதால்தான் இதை எழுதுகிறேன். தெர்மோஸ்டாட் சுவரில் கண்முன் இருக்கிறது, அதை மாற்றுவது எளிது. ஆகவே பழி முதலில் அதன் மேல் விழுகிறது. உண்மையில் அது கடிகாரமும் வெப்ப உணரியும் சேர்ந்த ஒரு சுவிட்ச், அவ்வளவுதான். அறை சூடாக இருக்கிறது என்று அது கேட்கிறது. கேட்டதை ஒரு வயர் சுமந்து போகிறது. இயந்திரம் அதற்குப் பதில் சொல்கிறது. கேட்கவில்லையா, கேட்டது போய்ச் சேரவில்லையா, சேர்ந்தும் பதில் வரவில்லையா என்ற மூன்றில் எது நடந்தது என்று தெரியும்வரை எதையும் மாற்றக் கூடாது.

முதலில் வோல்ட்டேஜைத் தெரிந்துகொள்ளுங்கள்

சுவரில் பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு தெர்மோஸ்டாட்டுகளில் ஒன்று 24 வோல்ட்டிலும் மற்றொன்று 230 வோல்ட்டிலும் இயங்கக்கூடும். அமெரிக்க முறையில் அமைந்த, எல்லாப் பாகமும் ஒரே பெட்டியில் அடங்கிய பேக்கேஜ் யூனிட்டுகளிலும், குழாய் வழியே காற்றை அனுப்பும் சில டக்டபிள் யூனிட்டுகளிலும் ஒரு சிறிய டிரான்ஸ்ஃபார்மர் 24 வோல்ட் மாறுதிசை (ஏசி) மின்சாரத்தைத் தருகிறது. சில்லர் என்ற பெரிய இயந்திரம் குளிர்வித்து அனுப்பும் தண்ணீரில் ஓடும் ஃபேன் காயில் யூனிட்டுகளிலும், நம் ஊரில் பொருத்தப்பட்ட பல டக்டபிள் யூனிட்டுகளிலும் தெர்மோஸ்டாட்டுக்கே நேரடியாக 230 வோல்ட் வருகிறது. பின்னால் நான் சொல்லப்போகும் ஜம்பர் சோதனை 24 வோல்ட் அமைப்புக்கு மட்டுமே உரியது. அதை 230 வோல்ட் தெர்மோஸ்டாட்டில் செய்து பார்ப்பவர் உயிரைப் பணயம் வைக்கிறார். ஆகவே பிரேக்கரை இறக்கி, மூடியைக் கழற்றி, அடித்தட்டில் அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டு, மீண்டும் மின்சாரம் கொடுத்து மல்டிமீட்டரால் அளந்து உறுதி செய்யுங்கள். வயரின் நிறத்தை ஒருபோதும் நம்பாதீர்கள். கையில் கிடைத்த வயரை இழுத்து வேலையை முடித்த கட்டடங்கள் ஏராளம்.

24 வோல்ட் அமைப்பின் எழுத்துகளை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. ‘ஆர்’ என்பது டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வரும் மின்சாரம். ‘சி’ என்பது அது திரும்பும் பொது வயர். ‘ஜி’ ஃபேனையும், ‘ஒய்’ கம்ப்ரசரையும், ‘டபிள்யூ’ ஹீட்டரையும் அழைக்கின்றன. குளிரும் சூடும் இரண்டும் தரும் ஹீட் பம்ப் அமைப்பில் ‘ஓ’ அல்லது ‘பி’ என்ற முனை, திசை மாற்றும் வால்வை இயக்குகிறது. தெர்மோஸ்டாட் செய்வதெல்லாம் ‘ஆர்’ மின்சாரத்தைத் தேவைக்கேற்ப மற்ற எழுத்துகளோடு இணைப்பதுதான்.

பொத்தான்களிலும் கடிகாரத்திலும் ஒளிந்திருக்கும் கோளாறுகள்

மீட்டரைக் கையில் எடுப்பதற்கு முன், தெர்மோஸ்டாட்டின் எதிரில் ஐந்து நிமிடம் நின்று திரையைப் படியுங்கள். மோட் ‘கூல்’ என்று இருக்கிறதா? ‘ஹோல்ட்’ என்ற சொல் தெரிகிறதா? யாரோ ஒருவர் ஒரு நாள் வெக்கை தாங்காமல் வெப்பநிலையை மாற்றி ‘ஹோல்ட்’ பொத்தானை அழுத்திவிட்டுப் போயிருப்பார். அன்றிலிருந்து கால அட்டவணை முழுவதும் புறக்கணிக்கப்பட்டு, இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் ஏசி ஓடிக்கொண்டே இருக்கும். ‘புரோகிராம் வேலை செய்யவில்லை’ என்று வரும் புகார்களில் நான் முதலில் தேடுவது இதைத்தான்.

அடுத்தது கடிகாரம். காலை 8 மணிக்குத் தொடங்க வேண்டியது இரவு 8 மணிக்குத் தொடங்குகிறது என்றால், நேரத்தை அமைத்தவர் முற்பகலையும் பிற்பகலையும் மாற்றிப் போட்டிருக்கிறார். கிழமை தவறியிருந்தால் சனிக்கிழமை அட்டவணை வெள்ளியன்று ஓடும். மின்தடைக்குப் பிறகு கடிகாரம் பழைய நேரத்துக்கோ, தொழிற்சாலையில் வைத்த நேரத்துக்கோ போய்விட்டால் உள்ளே இருக்கும் பேட்டரி தீர்ந்திருக்கிறது என்று பொருள். மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகம் 2007இல் வெளியிட்ட எரிசக்திச் சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பு, பெரிய ஏசி அமைப்புகளின் நேரக் கட்டுப்பாட்டுக் கருவி வாரத்தில் மூன்று வகை நாள்களுக்குத் தனித்தனி அட்டவணை ஏற்க வேண்டும், மின்சாரம் நின்றாலும் குறைந்தது 10 மணி நேரம் அட்டவணையையும் நேரத்தையும் நினைவில் வைத்திருக்க வேண்டும், 2 மணி நேரம் வரை கையால் இயக்கும் வசதி இருக்க வேண்டும் என்று கேட்டது. உங்கள் கருவி அரை மணி நேர மின்தடைக்கே நினைவிழக்கிறது என்றால் பேட்டரியை மாற்றுங்கள். அல்கலைன் பேட்டரியையே போடுங்கள். ரீசார்ஜபிள் பேட்டரி ஒன்றுக்கு 1.2 வோல்ட்தான் தருவதால், முழுதாக சார்ஜ் ஏறியிருந்தாலும் சில தெர்மோஸ்டாட்டுகள் பேட்டரி தீர்ந்ததாகவே காட்டும்.

இறக்குமதி செய்யப்பட்ட தெர்மோஸ்டாட்டுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. நம் ஊரில் யாருக்கும் எளிதில் தோன்றாதது. அமெரிக்காவில் மார்ச் மாதத்து இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறன்று திரும்ப வைப்பார்கள். அந்தத் தானியங்கி மாற்றம் அமைப்பில் இயங்கிக்கொண்டிருந்தால், மார்ச் நடுவில் உங்கள் அலுவலக ஏசியும் காரணமில்லாமல் ஒரு மணி நேரம் முந்தி ஓடத் தொடங்கும், ஒரு மணி நேரம் முந்தி நிற்கும். மாலை ஐந்து மணிக்கே ஏசி நின்றுவிடுகிறது என்று கோடைத் தொடக்கத்தில் புகார் வந்தால், அமைப்புப் பட்டியலில் இந்த வசதியைத் தேடி அணைத்துவிடுங்கள். வைஃபை வகையில் நேர மண்டலம் இந்திய நேரத்துக்கு, அதாவது ஐந்தரை மணி நேரக் கூட்டலுக்கு, அமைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

வங்கிகளுக்கு மாதத்தின் இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகள் விடுமுறை. மற்ற சனிக்கிழமைகள் முழு வேலை நாள். வார அட்டவணை மட்டும் தெரிந்த தெர்மோஸ்டாட்டுக்கு இந்த வேறுபாடு தெரியாது. இது கோளாறு அல்ல, கருவியின் எல்லை. சனிக்கிழமையை விடுமுறையாக அமைத்துவிட்டு, வேலை நடக்கும் சனிக்கிழமைகளில் தற்காலிக இயக்கப் பொத்தானைப் பயன்படுத்தும்படி ஊழியர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது நல்லது. ஒருமுறை மறந்தாலும் யாராவது வந்து அழுத்துவார்கள். தலைகீழாக அமைத்தால், யாரும் இல்லாத கட்டடத்தை ஏசி நாள் முழுவதும் குளிர்வித்துக்கொண்டிருக்கும், அதைக் கவனிக்க ஆளே இருக்காது.

கோளாறு போலத் தோன்றும் இரண்டு நல்ல பழக்கங்களையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒன்பது மணிக்கு அமைத்த ஏசி எட்டரைக்கே தொடங்கினால், அது ஒன்பது மணிக்கு அறை குளிர்ந்திருக்க வேண்டும் என்று தானே கணக்கிட்டு முன்கூட்டியே தொடங்கும் வசதியாக இருக்கலாம். வெப்பநிலையைக் குறைத்த பிறகும் சில நிமிடம் கம்ப்ரசர் கிளம்பவில்லை என்றால், அது கம்ப்ரசரைக் காக்கும் 3 முதல் 5 நிமிடத் தாமதம். அந்த நேரத்தில் பொறுமையிழந்து பொத்தான்களை மாறி மாறி அழுத்துவதால் சில கருவிகளில் தாமதம் மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கும்.

திரை அணைந்திருந்தால்

பேட்டரி இருந்தால் மாற்றிப் பாருங்கள். அதன் பிறகும் திரை வரவில்லை என்றால், அடித்தட்டில் ‘ஆர்’ முனைக்கும் ‘சி’ முனைக்கும் இடையே மீட்டரை மாறுதிசை (ஏசி) வோல்ட் அளவில் வைத்து அளந்து பாருங்கள். 24 முதல் 28 வரை காட்டினால் மின்சாரம் வருகிறது, தெர்மோஸ்டாட்டைச் சந்தேகிக்கலாம். ஒன்றும் காட்டவில்லை என்றால் தெர்மோஸ்டாட்டை விட்டுவிட்டு யூனிட்டுக்குப் போங்கள்.

அங்கே டிரான்ஸ்ஃபார்மரின் முதல் பக்கத்தில் 230 வோல்ட் இருக்கிறதா, இரண்டாம் பக்கத்தில் 24 வோல்ட் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். முதல் பக்கத்தில் இருந்து, இரண்டாம் பக்கத்தில் இல்லை என்றால் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்திருக்கிறது. ஆனால் அது தானாக எரிவது அரிது. எங்கோ ‘ஆர்’ வயர் ‘சி’ வயரையோ, யூனிட்டின் தகரத்தையோ தொட்டு ஷார்ட் ஆகியிருக்கும். காரணத்தைத் தேடாமல் புதிய டிரான்ஸ்ஃபார்மரைப் போட்டால் அதுவும் சில நொடியில் போய்விடும். கன்ட்ரோல் போர்டில் 3 அல்லது 5 ஆம்பியர் கண்ணாடி ஃபியூஸோ, கார்களில் போடுவது போன்ற ஃபியூஸோ இருக்கும், அதையும் பாருங்கள். டிரான்ஸ்ஃபார்மரில் 24 வோல்ட் இருந்து, ஃபியூஸும் நன்றாக இருந்து, தெர்மோஸ்டாட்டுக்கு மட்டும் வரவில்லை என்றால், இடையில் இருக்கும் ஃப்ளோட் சுவிட்சும், எலி கடித்த வயரும்தான் மிச்சம். சென்னை, தூத்துக்குடி போன்ற ஈரக்காற்றுள்ள கடற்கரை ஊர்களில் குளிரூட்டும் குழாய்ச் சுருளான காயிலில் படியும் நீரின் அளவு மிக அதிகம் என்பதால் நான் ஃப்ளோட் சுவிட்சிலிருந்தே தொடங்குவேன். அதை நேராக இணைத்து ஓடவிட்டுப் போகாதீர்கள். அடுத்த நாள் ஃபால்ஸ் சீலிங் நனைந்து, கீழே இருக்கும் கணினிகள் மேல் விழும்.

திரை இருக்கிறது, குளிர் இல்லை

இதுதான் ஜம்பர் சோதனைக்கான இடம். பிரேக்கரை இறக்குங்கள். தெர்மோஸ்டாட்டை அடித்தட்டிலிருந்து கழற்றி எடுங்கள். இரு முனையிலும் தோல் உரித்த ஒரு சிறு வயரால் ‘ஆர்’ முனையையும் ‘ஜி’ முனையையும் இணைத்துவிட்டு மின்சாரம் கொடுங்கள். ஃபேன் ஓட வேண்டும். ஓடினால், மீண்டும் பிரேக்கரை இறக்கி ‘ஒய்’ முனையையும் அதே இணைப்பில் சேர்த்துவிட்டு மின்சாரம் கொடுங்கள். வெளியே, கம்ப்ரசருக்கு மின்சாரத்தை இணைக்கும் காந்த சுவிட்சான காண்டாக்டர் ‘டக்’ என்று இழுத்து, கம்ப்ரசர் கிளம்ப வேண்டும். ஃபேன் ஓடாமல் கம்ப்ரசரை மட்டும் இயக்காதீர்கள். காயிலில் பனி உறைந்துவிடும். ஜம்பர் போட்டால் தெர்மோஸ்டாட்டுக்குள் இருக்கும் தாமதப் பாதுகாப்பு இல்லாமல் போகிறது என்பதால், ஒருமுறை நிறுத்திய பிறகு ஐந்து நிமிடம் காத்திருந்துதான் மறுபடி தொடங்க வேண்டும்.

ஜம்பரில் எல்லாம் ஓடினால் வயரும் இயந்திரமும் நன்றாக இருக்கின்றன. குறை தெர்மோஸ்டாட்டிலோ அதன் அமைப்பிலோ இருக்கிறது. ஓடவில்லை என்றால், இதே ஜம்பரை யூனிட்டின் டெர்மினல் போர்டில் போட்டுப் பாருங்கள். அங்கே ஓடி, சுவரில் ஓடவில்லை என்றால் இடையில் வயர் அறுந்திருக்கிறது. மின்சாரத்தை நிறுத்தி, யூனிட் பக்கத்தில் இரண்டு வயர்களையும் டெர்மினல் போர்டிலிருந்து கழற்றி, நுனிகளை முறுக்கி இணைத்துவிட்டு, சுவர்ப் பக்கத்தில் ஓம் அளந்து பாருங்கள். 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் 30 மீட்டர் ஓடினால், போகவும் வரவும் சேர்த்து ஏறத்தாழ 1 ஓம் காட்ட வேண்டும். பத்து இருபது ஓம் காட்டினால் நடுவில் ஏதோ ஓர் இணைப்பு பச்சை பூத்துக் கிடக்கிறது. அதன் வழியே மீட்டரில் 24 வோல்ட் தெரியும். காண்டாக்டரை இழுக்கும்போது மட்டும் விழுந்துவிடும்.

யூனிட்டிலேயே ஜம்பர் போட்டும் கம்ப்ரசர் கிளம்பவில்லை என்றால், ‘ஒய்’ மின்சாரம் காண்டாக்டரை இழுக்கும் காந்தச் சுருளுக்கு, அதாவது காண்டாக்டர் காயிலுக்கு, போகும் வழியில் எங்கே நிற்கிறது என்று தேட வேண்டும். அந்த வழியில் வாயுவின் அழுத்தம் மிஞ்சினாலோ குறைந்தாலோ துண்டிக்கும் ஹை பிரஷர் சுவிட்ச், லோ பிரஷர் சுவிட்ச், மூன்று ஃபேஸ்களின் வரிசையைக் கண்காணிக்கும் ஃபேஸ் ரிலே ஆகியவை வரிசையாக இருக்கும். மின்சாரம் இருக்கும்போதே ஒவ்வொரு சுவிட்சின் இரு முனைகளிலும் மீட்டரை வைத்து அளந்து பாருங்கள். மூடியிருக்கும் சுவிட்சின் குறுக்கே சுழி வோல்ட் காட்டும். திறந்திருக்கும் சுவிட்சின் குறுக்கே முழு 24 வோல்ட்டும் காட்டும். கம்ப்ரசரை நிறுத்தி வைத்திருப்பது அந்த 24 வோல்ட் காட்டும் சுவிட்ச்தான். காயிலுக்கே 24 வோல்ட் வந்தும் காண்டாக்டர் இழுக்கவில்லை என்றால் காயில் அறுந்திருக்கிறது.

ஃபேஸ் ரிலேயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஈபி மின்சாரம் நின்று ஜெனரேட்டருக்கு மாறும் கட்டடங்களில், ஜெனரேட்டர் பக்கத்து ஃபேஸ் வரிசை மாறி இணைக்கப்பட்டிருந்தால் ரிலே கம்ப்ரசரைக் கிளம்ப விடாது. இப்படி அந்த ரிலே, மூன்று ஃபேஸ் ஸ்க்ரோல் கம்ப்ரசர் தலைகீழாகச் சுழன்று கெட்டுப்போகாமல் காக்கிறது. ‘ஜெனரேட்டரில் மட்டும் தெர்மோஸ்டாட் வேலை செய்வதில்லை’ என்று சொன்னால், தெர்மோஸ்டாட்டைத் தொடாமல் நேராக அங்கே போங்கள்.

தவறான வெப்பநிலை காட்டினால்

நம்பகமான ஒரு வெப்பமானியைத் தெர்மோஸ்டாட்டுக்குப் பக்கத்தில் சுவரோடு ஒட்டித் தொங்கவிட்டு, கால் மணி நேரம் விலகி நில்லுங்கள். கையில் பிடித்தால் உடல் சூடு சேர்ந்துவிடும். ஒரு டிகிரி வரை வேறுபாடு இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் என்றால் காரணம் பெரும்பாலும் உணரியில் இல்லை, இடத்தில் இருக்கிறது.

ஒரு துணிக்கடையில், கடைக்குள் 24 டிகிரி இருக்கையில் தெர்மோஸ்டாட் 27 காட்டிக்கொண்டிருந்தது, கம்ப்ரசர் நிற்கவே இல்லை. தெர்மோஸ்டாட்டைச் சற்றே இழுத்து, பின்னால் இருந்த வயர் துளைக்கு எதிரே ஒரு மெல்லிய காகிதத் துண்டைப் பிடித்தேன். காகிதம் என் பக்கம் படபடத்தது. மொட்டைமாடித் தளத்துக்கு அடியில் வெந்துகொண்டிருந்த ஃபால்ஸ் சீலிங் காற்று, குழாய் வழியாக இறங்கி நேராக உணரியின் மேல் வீசிக்கொண்டிருந்தது. துளையைப் புட்டி என்ற அடைப்புப் பசையால் அடைத்த அரை மணி நேரத்தில் திரையும் அறையும் ஒன்றுபட்டன. தெர்மோஸ்டாட்டைப் பொருத்தும் ஒவ்வொருவரும் இதைச் செய்ய வேண்டும் என்பது என் வேண்டுகோள்; பத்து ரூபாய்ப் புட்டி பல வருட மின்கட்டணத்தை மிச்சப்படுத்தும்.

தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரத்தில், உள்சுவரில், வெயிலும் ஏசிக் காற்றும் நேராகப் படாத இடத்தில் அது இருக்க வேண்டும். ஜெராக்ஸ் இயந்திரம், தேநீர் இயந்திரம், அடிக்கடி திறக்கும் வாசல் ஆகியவற்றுக்கு அருகே வேண்டாம். பிற்பாடு தடுப்புச் சுவர் எழுப்பி மேலாளர் அறை ஆக்கிய இடங்களில், கூடம் முழுவதையும் ஆளும் தெர்மோஸ்டாட் அந்த மூடிய அறைக்குள் சிக்கியிருக்கும். அந்த அறை குளிர்ந்ததும் கூடத்துக்கும் ஏசி நின்றுவிடும். அப்போது உணரியை மட்டும் வெளியே கொண்டுவருவதுதான் தீர்வு. பெரிய கூடமாக இருந்தால் ஒரே வகையான நான்கு உணரிகளை இரண்டிரண்டாகத் தொடரில் இணைத்து, அந்த இரு ஜோடிகளையும் பக்க இணைப்பில் சேர்த்தால், மொத்த மின்தடை ஒரே உணரியின் அளவாகவே இருக்கும். தெர்மோஸ்டாட் நான்கு இடங்களின் சராசரியைப் படிக்கும்.

வெளி உணரியைச் சோதிக்க, அதன் வயரைத் தெர்மோஸ்டாட்டிலிருந்து கழற்றிய பிறகே ஓம் அளக்க வேண்டும். பரவலாகப் பயன்படும் 10 கிலோ ஓம் உணரி 25 டிகிரியில் 10,000 ஓம் காட்டும். 20 டிகிரியில் சுமார் 12,500 ஆக ஏறும், 30 டிகிரியில் சுமார் 8,000 ஆக இறங்கும். சூடு ஏற ஏற மின்தடை குறையும் வகை இது. ஆகவே வயர் அறுந்தால், கருவி கடுங்குளிர் என்று நினைத்துக் குளிர் கேட்கவே கேட்காது. ஷார்ட் ஆனால் கடும் வெப்பம் என்று நினைத்து நிறுத்தவே நிறுத்தாது. சில தெர்மோஸ்டாட்டுகள் 20 கிலோ ஓம் உணரியை எதிர்பார்க்கின்றன. வடிவம் ஒன்றாக இருக்கிறதே என்று மாற்றிப் பொருத்தினால் திரையில் காட்டுவது எதுவும் உண்மையாக இருக்காது.

அமைப்பில் இரண்டு மூன்று டிகிரி கூட்டிக் குறைத்துத் திரையைச் சரிசெய்யும் வசதி உண்டு. இடத்தின் குறையை மறைக்க அதைப் பயன்படுத்தாதீர்கள். வெயில் படும் சுவரில் பகலில் மூன்று டிகிரி அதிகம் காட்டும் கருவியை நீங்கள் மூன்று டிகிரி குறைத்து வைத்தால், சூரியன் சாய்ந்த பிறகு அது அதே அளவு பொய் சொல்லும்.

அடிக்கடி நிற்பதும் நிற்காமல் ஓடுவதும்

சில நிமிடத்துக்கு ஒருமுறை கம்ப்ரசர் நின்று நின்று கிளம்பினால், அது நிற்கும் நொடியில் தெர்மோஸ்டாட்டின் திரையைப் பார்க்க ஒருவரை நிறுத்துங்கள். திரையில் குளிரூட்டும் குறி அப்படியே இருக்க, கம்ப்ரசர் மட்டும் நின்றால், தெர்மோஸ்டாட் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. குளிரூட்டும் வாயு குறைந்தோ, ஃபில்டர் அடைத்தோ, வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சர் அழுக்கேறியோ பிரஷர் சுவிட்ச் வெட்டுகிறது. குறியும் சேர்ந்து மறைந்தால், ஏசிக் காற்று உணரியின் மேல் நேராகப் படுகிறது, அல்லது கம்ப்ரசர் நிற்கும் வெப்பநிலைக்கும் மறுபடி தொடங்கும் வெப்பநிலைக்கும் உள்ள வேறுபாட்டு அளவு அரை டிகிரிக்கும் குறைவாக வைக்கப்பட்டிருக்கிறது. ஒரு டிகிரிக்கு உயர்த்திப் பாருங்கள்.

நிற்காமல் ஓடும் ஏசிக்கு எளிய சோதனை, தெர்மோஸ்டாட்டை அடித்தட்டிலிருந்து கழற்றுவதுதான். கழற்றிய பிறகும் கம்ப்ரசர் ஓடினால் காண்டாக்டரின் முனைகள் ஒட்டிக்கொண்டிருக்கும், அல்லது ‘ஒய்’ வயர் ‘ஆர்’ வயரை எங்கோ தொடுகிறது. ‘ஒய்’ முனைக்கும் ‘சி’ முனைக்கும் இடையே அளந்தால் எது என்று தெரிந்துவிடும்: 24 வோல்ட் இருந்தால் வயர், இல்லாவிட்டால் காண்டாக்டர். சில சமயம் 8, 12 என்று அரைகுறை வோல்ட் காட்டிக் குழப்பும். 230 வோல்ட் கேபிளோடு ஒரே குழாயில் போகும் மெல்லிய வயரில் இப்படிப் போலி மின்னழுத்தம் தோன்றும். ஒரு 24 வோல்ட் ரிலேயை அதில் இணைத்துப் பாருங்கள். சட்டென்று சுழிக்கு விழுந்தால் அது போலி. ‘சி’ வயர் இல்லாமல் ஓடும் தெர்மோஸ்டாட்டுகள், காண்டாக்டர் காயில் வழியாகச் சிறிது மின்சாரத்தை இழுத்துத் தம்மை இயக்கிக்கொள்கின்றன. அதனால் காண்டாக்டர் படபடவென்று அடித்தால் உபரி வயர் ஒன்றை ‘சி’ ஆக இணைப்பதே நிலையான தீர்வு. வைஃபை வகைக்கு அது கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வெப்பநிலை சரியாக இருந்தும் அறை பிசுபிசுவென்று ஈரமாக, பூஞ்சை நாற்றத்தோடு இருந்தால், ஃபேன் ‘ஆட்டோ’வில் இருக்கிறதா என்று பாருங்கள். ‘ஆன்’ நிலையில் கம்ப்ரசர் நின்ற பிறகும் ஃபேன் ஓடி, காயிலில் படிந்த நீரை மறுபடி அறைக்கே ஊதித் தள்ளுகிறது.

ஹீட்டர் உள்ள இடங்கள்

ஊட்டி, கொடைக்கானல் விடுதிகளிலும், காற்றை மறுபடி சூடாக்க வேண்டிய அறுவை அரங்குகளிலும்தான் நம் மாநிலத்தில் இந்தப் பகுதி பெரிதும் பயன்படும். குளிர் கேட்டால் சூடும், சூடு கேட்டால் குளிரும் வந்தால், ஹீட் பம்ப்பின் ‘ஓ’, ‘பி’ அமைப்பு மாறியிருக்கிறது: ‘ஓ’ முனை குளிரூட்டும்போதும், ‘பி’ முனை சூடாக்கும்போதும் வால்வுக்கு மின்சாரம் தரும். மின்சார ஹீட்டர் சற்று நேரம் ஓடி வெட்டிக்கொண்டால், ஃபேன் அமைப்பு எரிவாயு உலைக்கு உரியதாக இருக்கலாம். எரிவாயு உலை தன் ஃபேனைத் தானே இயக்கிக்கொள்ளும். மின்சார ஹீட்டருக்குத் தெர்மோஸ்டாட்தான் ‘ஜி’ மூலம் ஃபேனை அழைக்க வேண்டும். காற்றில்லாமல் காயும் ஹீட்டர் தீ விபத்துக்கு வழி என்பதால், ஜம்பர் சோதனையிலும் ‘டபிள்யூ’ முனையை ‘ஜி’ இல்லாமல் இணைக்கவே கூடாது. சூட்டுக்கும் குளிருக்கும் தெர்மோஸ்டாட் தானே மாறும் முறையில், இரண்டின் அமைப்பு வெப்பநிலைக்கும் இடையே 3 டிகிரி இடைவெளி வையுங்கள். ஒரு டிகிரி வைத்தால் ஹீட்டரும் கம்ப்ரசரும் மாறி மாறி ஒன்றையொன்று எதிர்த்து ஓடும்.

ஃபேன் காயில் யூனிட்டுகள்

இங்கே 230 வோல்ட் என்பதை மறக்காமல், பிரேக்கரை இறக்கிய பிறகே திருகுகளைத் தொடுங்கள். ஃபேன் ஓடியும் குளிர் வரவில்லை என்றால், வால்வுக்குப் போகும் முனையில் மின்னழுத்தம் இருக்கிறதா என்று அளந்துவிட்டு, காயிலுக்குப் போகும் இரு குழாய்களையும் தொட்டுப் பாருங்கள். சில்லர் தண்ணீர் வழக்கமாக 7 டிகிரியில் வந்து 12 டிகிரியில் திரும்பும். மின்னழுத்தம் இருந்தும் வால்வைத் தாண்டிய குழாய் குளிரவில்லை என்றால், வால்வைத் திறக்கும் ஆக்சுவேட்டரோ வால்வோ சிக்கியிருக்கிறது, அல்லது தண்ணீரை வடிகட்டும் ஸ்ட்ரெய்னர் அடைத்திருக்கிறது. வெப்பத்தால் விரிந்து திறக்கும் ஆக்சுவேட்டருக்குச் சில நிமிடம் தேவை. உடனே தீர்ப்பு எழுதாதீர்கள். மூன்று வேக மோட்டார் உள்ள இரண்டு யூனிட்டுகளை ஒரே தெர்மோஸ்டாட்டில் நேராக இணைத்திருந்தால் ஒரு மோட்டாரின் சுற்று வழியாக மற்றொன்றுக்கு மின்சாரம் திரும்பிப் பாய்ந்து இரண்டும் சூடேறும். இடையில் ரிலே வைத்துப் பிரிக்க வேண்டும்.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால்

சோதனை எல்லாம் முடிந்து, குறை தெர்மோஸ்டாட்டில்தான் என்று உறுதியானால், பழையதன் வயர்களை அவிழ்க்கும் முன் படம் எடுத்து, ஒவ்வொரு வயரிலும் அது இருந்த முனையின் எழுத்தை எழுதி ஒட்டுங்கள். பழைய கருவியின் அமைப்புப் பட்டியலையும் ஒன்றுவிடாமல் எழுதி எடுங்கள்: அமைப்பின் வகை, எத்தனை கட்டம், ஃபேன் முறை, ‘ஓ’ அல்லது ‘பி’, உணரியின் வகை, வெப்பநிலை எல்லைகள், பூட்டு எண். புதியதில் இவற்றைப் பதிந்து, சுவர்த் துளையை அடைத்து, குளிர் கேட்டு, கம்ப்ரசர் கிளம்புவதையும் அமைத்த வெப்பநிலையில் தானே நிற்பதையும் இரண்டு சுற்று நின்று பாருங்கள். பிறகு பிரேக்கரை ஒருமுறை இறக்கி ஏற்றி, நேரமும் அட்டவணையும் நினைவில் இருக்கின்றனவா என்று பாருங்கள். கால அட்டவணையையும், பேட்டரி மாற்றிய தேதியையும், ஃப்ளோட் சுவிட்ச் எந்த வயரில் இருக்கிறது என்பதையும் ஓர் அட்டையில் எழுதி, யூனிட்டின் பேனல் கதவுக்கு உட்புறம் ஒட்டிவிட்டு வாருங்கள்.